பூவம்மாவுக்கு வராத அம்மை

அத்திப்பட்டு பக்கம் ஒரு குடோனில் வேலை செய்யும் வடநாட்டு ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறவள் பூவம்மா. எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போவாள். போன மாசியில் அங்கே மூன்று பேருக்கு அம்மை போட்டது. மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை.

"எனுக்கு எட்டு வயசுலயே வந்துடுச்சு. நான் போறேன்" என்று கஞ்சிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு பூவம்மா உள்ளே போனாள். பத்து நாள் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

இடையில் ஒருவனுக்கு மூச்சு வாங்கியது. புருஷன் டில்லிபாபுவைப் போன் போட்டு வரவழைத்தாள். அவன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். ஐம்பது வயதில் காய்ச்சலென்று ஒருநாள் படுத்ததில்லை.

"யோவ், உனுக்கு அம்மை வந்துகீதா?"

"எனுக்கு இன்னாமே வரப்போவுது?" என்றவன் அந்த ஆளைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினான்.

அதிலிருந்து பதினைந்தாம் நாள் டில்லிபாபுவுக்குக் காய்ச்சல் நடுக்கம். மறுநாள் மார்பெல்லாம் கொப்புளம். அப்புறம் நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணற, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாம்தானே கூப்பிட்டோம் என்று பூவம்மாவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"பத்து நாள் அவங்களோடவே கெடந்தேன். எனுக்கு ஒரு கொப்புளம் வரல. அரை மணி நேரம் தொட்ட மனுசன் இப்டி கீறாரே, ஏன்மா?" என்று டாக்டர் ஆலிஸிடம் கேட்டாள்.

ஆலிஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். "சின்ன வயசுல உங்களுக்கு வந்தப்போ, அந்தக் கிருமியை எதிர்த்த செல்கள்ல கொஞ்சம் உடம்புலயே தங்கிடுச்சு. நினைவு செல்கள்னு சொல்லுவோம். அதே கிருமி மறுபடி வந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே எழுந்துடும். உங்களுக்குத் தெரியாமலே வேலை முடிஞ்சிருக்கும். அவர் உடம்புல அந்த மாதிரி இல்ல. இருக்கறதெல்லாம் இன்னும் கிருமியையே பாக்காத செல்கள். அதுல இதுக்குப் பொருந்தறது ரொம்பக் கொஞ்சம். அது கிருமியை அடையாளம் கண்டு, பலவாப் பெருகி, எதிர்க்கத் தயாராக ஒரு வாரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள கிருமி பரவிடும்."

"நல்ல தெம்பான ஆளும்மா அவரு."

"தெம்புதான். ஆனா இந்தக் கிருமியை அவர் உடம்பு முன்னப்பின்ன பார்த்ததில்லையே. தடுப்பூசி போட்டிருந்தா அந்த நினைவு முன்னாடியே வந்திருக்கும். தொட்ட மூணு நாளைக்குள்ள போட்டாக்கூட பலன் உண்டு."

பூவம்மா ஆறு நாள் வார்டு வாசலிலேயே இருந்தாள். ஏழாம் நாள் டில்லிபாபு கண்ணைத் திறந்து, "பசிக்குதுமே" என்றான். அவள் வெளியே போய் அழுதுவிட்டு வந்து இட்லி ஊட்டினாள். வீட்டுக்கு வந்தும் வெகுநாள் அவனால் மூச்சிரைக்காமல் படியேற முடியவில்லை.

ஆனியில் குடோனுக்குப் புதிதாக வந்த ஒருவனுக்கு அம்மை கண்டது. இந்த முறை பூவம்மா அறை வாசலை மறித்து நின்று, ஒவ்வொருவராக விசாரித்தாள். மாசியில் படுத்த மூன்று பேரோடு, முன்பே வந்து போனவர்கள் இன்னும் இரண்டு பேர். அவர்களை மட்டும் தன்னோடு உள்ளே விட்டாள். மற்றவர்களுக்கு ஊசி போட்டே ஆகவேண்டும் என்று மேஸ்திரி ஜெபினிடம் மல்லுக்கு நின்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் வேன் வைத்துக் கூட்டிப்போனான். அதன்பிறகு அங்கே வேறு யாரும் படுக்கவில்லை.