டயர்க் கத்தரிக்குச் சிறுவாணித் தண்ணி

நான்கு பழைய கார் டயர்களில் மண் நிரப்பி, வாசலில் கத்தரி நட்டு ஒரு வாரம் ஆகிறது. எதிர் வீட்டு அண்ணனுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

"ஏனுங்க அம்மணி, டயருல தண்ணி நின்னா டெங்கு வந்துபோடுமுங்க. தூக்கிப் போடுங்க."

"அடியில ஓட்டை போட்டிருக்கேனுங்ண்ணா. எடுக்க மாட்டேனுங்க."

தினமும் இதே பேச்சுதான்.

இன்று காலை, கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் அக்கா எங்கள் தெருவுக்கு வந்தார். அண்ணன் அவரை நேராக என் வாசலுக்கே கூட்டி வந்துவிட்டார்.

நான் ஒரு குடம் தண்ணீரை டயரில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடியில் வடிந்துவிட்டது. அக்கா டார்ச் அடித்து விளிம்புக்குள்ளும் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமில்லீங்க."

அடுத்து எதிரே போய், அண்ணன் வீட்டுத் தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கினார் அக்கா.

அண்ணன் பதறிப்போனார். "அது குடிக்கிற சிறுவாணித் தண்ணிங்க! பத்து நாளைக்கு ஒருக்கா வர்றது. அதுல எப்படிங்க புழு வரும்?"

டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் நெளிந்தன.

"கொட்டிப்போடுங்க" என்றார் அக்கா.

சிறுவாணியைச் சாக்கடையில் கொட்ட எந்தக் கோயமுத்தூர்க்காரருக்கு மனசு வரும்? அண்ணன் பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து வந்து, என் டயர்க் கத்தரிக்கு ஊற்றினார். தண்ணீர் அடியில் வடிய, புழுக்கள் மண்ணோடு மண்ணாயின.

நாளை இன்னும் இரண்டு டயர் வருகிறது. முதல் காய் அண்ணனுக்குத்தான். குழம்பு ருசியாக இருந்தால் சிறுவாணிதான் காரணம் என்பார். அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.