சமத்துப் பாப்பா

சென்ற வருடம் ஆடி மாதம், போத்தனூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் குழந்தையைப் பார்க்கச் சொந்தபந்தம் வந்தபடி இருந்தது.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் படுக்க வைத்த மகள், மதியமாகியும் தூங்கிக்கொண்டே இருந்தாள். பால் கொடுக்க எடுத்தால் இரண்டு வாய் சப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். குளித்த அலுப்பு என்று நினைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் சமத்து, சமத்து என்று மெச்சினார்கள். தூக்கம் கெட்டுக் கிடந்த எனக்கு அதில் பெருமை வேறு.

அப்போது எதிர்வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையோடு வந்தாள். அவன் வீடே அதிரும்படி வீறிட்டு அழுதான். "எங்க பாப்பாவப் பாத்துக் கத்துக்கோங்க சாமி" என்று என் கணவர் அவனைக் கேலி செய்தார். எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். எல்லாரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்காமல் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபி குடித்தாள், குங்குமம் வாங்கிக்கொண்டாள், வாரேன் என்று சொல்லிக் கேட் வரை போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

"ஏனுங்கக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இவன் இந்தக் கத்து கத்தியும் பாப்பா துளிகூட அசையலீங்களே."

பச்சைக்குழந்தையைப் பற்றி வாயில் ஒரு சொல் தப்பாக வந்துவிடக் கூடாது என்று எங்கள் ஊரில் அவ்வளவு பயப்படுவார்கள். அதையும் மீறிச் சொல்லிவிட்டாள் புண்ணியவதி.

ஓடிப்போய் மகளைத் தூக்கினேன். துணி தொய்வதைப்போலக் கையில் தொய்ந்தாள். பாதம் ஜில்லென்றிருந்தது. காலையில் கட்டிய துணி நனையவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டுக்காரரே காரை எடுத்தார். வழியெல்லாம் என் கணவர், "எந்திரிங்க சாமி, எந்திரிங்க" என்று அவள் காதருகே கெஞ்சிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் உள்ளங்காலைச் சுண்டினார். லேசாக முனகினாள், அவ்வளவுதான். ரத்தத்தில் கிருமி இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், இதயத்திலோ மூளையிலோ கோளாறாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்றார். காய்ச்சலே இல்லையே என்று நான் அழுதேன்.

"இந்த வயசுல காய்ச்சல் அடிக்கணும்னே இல்லீங்க. பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தா அதுவே போதும், ஓடி வந்துரணும்."

குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ரொம்பவும் இறங்கியிருந்தது. நரம்பு வழியே சர்க்கரை ஏற்றினார்கள், கிருமிக்கும் மருந்து போட்டார்கள். நான் அந்த அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு விரல் அசைந்தது. பிறகு கண் திறந்தது. பிறகு வாயைக் கோணிக்கொண்டு அழுதாள் பாருங்கள், மெய்சிலிர்த்துப்போனேன். ஒரு முழத்தைவிடச் சற்று நீளமான அந்த உடம்புக்குள் அத்தனை பிடிவாதம் எங்கே இருந்ததோ! கிருமி ரத்தத்தில்தான் என்று பிறகு தெரிந்தது. மருந்து முடிந்து, நன்றாகப் பால் குடித்து வீடு வந்தாள்.

இப்போது அவள் கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது, "ஊட்டையே ரெண்டு பண்றாளுங்க" என்று எதிர்வீட்டுப் பெண்ணே சிரிக்கிறாள். எனக்கோ ஒவ்வொரு முறையும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்ட முதல் அழுகைதான் அது.