கரையிலிருந்து கையாட்டிய கணவர்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லன் போட்டிக்காக, ஆரையம்பதிப் பக்கம் வாவியில் நீந்திப் பழகிக்கொண்டிருந்தேன். திடீரென வலது கால் மீன்வலையில் மாட்டிக்கொண்டது. உதற உதற வலை இறுகியது. கத்தினால் வாய்க்குள் தண்ணீர்தான் போனது. கரையில் நின்ற கணவரை நோக்கிக் கையை ஆட்டினேன். அவரோ சிரித்தபடி திருப்பிக் கையாட்டினார். இனிப் பிழைக்கமாட்டேன் என்று அப்போதுதான் பயம் பிடித்தது.

மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் சுருண்டேன். விரல்களால் வலையைப் பிய்த்துக் காலை உருவினேன்.

கரைக்கு வந்ததும், "களைச்சிட்டியா?" என்று கேட்டவர், காலில் இரத்தத்தைக் கண்டு அப்படியே மணலில் குந்திவிட்டார். "சும்மா கை காட்டுறாய் எண்டுதானே நினைச்சன்!"

இப்போது வலை கிடக்கும் இடத்தை மீனவர்களிடம் கேட்டறியாமல் நான் இறங்குவதில்லை. அவரும் கரையில் நிற்பதில்லை. தோணியில் என் பக்கத்திலேயே வருகிறார்.