என் முறைத் தண்ணீரும் சூசை உபதேசியாரும்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு எனக்குக் கால்மணி நேரம் ஆகிறது. எழுபத்திரண்டு வயதுக் கைக்கு மண்வெட்டிதான் பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். மருமகள் வந்து, "மாமா, நம்ம உபதேசியார் தவறிட்டாகளாம்" என்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நோட்டில் 'சூசை' என்று எழுதினேன். எழுதக் கற்றுக்கொடுத்தவர் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பங்குச் சாமியார் வராத நாள்களில் எங்கள் ஊர்ச் சிறு கிறிஸ்தவக் கோயிலில் ஜெபம் நடத்தியவர் சூசை உபதேசியார். என் மனைவி கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவள் இருந்தவரை கோயில் வாசல் மட்டும் கொண்டுபோய் விடுவேன். வேப்பமரத்தடியில் நின்று என் தம்பி சின்னையாவைத் திட்டிக்கொண்டிருப்பேன். உபதேசியார் வெளியே வந்து, "முத்தையாண்ணே, உள்ள பூசை முடிஞ்சிருச்சு. உங்க பூசை இன்னும் முடியலையா?" என்பார்.

கதை இதுதான். நிலம் பாகம் பிரித்தபோது, "கிணறு சின்னையா பங்கு நிலத்தில் உள்ளது" என்று பத்திரத்தை வாசித்தார்கள். அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. கோபத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் தம்பியோடு பேச்சில்லை. மழையை நம்பியே விவசாயம் செய்தேன். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை, தூக்கத்துக்கு மாத்திரை. தம்பி ஆள் அனுப்பினால் விரட்டினேன். மருமகள் பத்திரத்தை வாசிக்க வந்தாள். "நீ அவன் பொண்டாட்டிக்குச் சொந்தக்காரி" என்று பிடுங்கி வைத்தேன்.

மனைவி போன பிறகு பத்திரத்தை உபதேசியாரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"நான் வாசிச்சா, சூசையும் அவன் ஆளும்பீக. நீங்களே வாசிங்க."

"எனக்குத்தான் தெரியாதே!"

"அதுக்கென்ன, நாளைக்கு வாங்க."

ஆடி மாதம் ஆரம்பித்தோம். தம்பியின் திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் நான் அரிச்சுவடி படித்தேன். மார்கழி பிறந்ததும், "கிறிஸ்துமஸ் பாடத்தை நீங்கதான் கோயில்ல வாசிக்கிறீக" என்றார். நான் மாட்டேன் என்றேன். "இயேசு பெறந்த நல்ல செய்தி முதல்ல ஆட்டுக்காரவுகளுக்குத்தான் வந்துச்சு. அவுகள்ல யாரு பள்ளிக்கூடம் போனாக?" என்று கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், இனி முடியும் என்ற தைரியத்தில் பெட்டியைத் திறந்தேன். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். கிணறு சின்னையா பங்கு நிலத்தில் உள்ளது. அதற்கு அடுத்த வரி: கிணறும் மோட்டாரும் இருவருக்கும் பொது, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. நாலு தடவை வாசித்தேன். நாலு தடவையும் அப்படியேதான் இருந்தது.

உபதேசியார் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தார். "கிணறு பொதுவாம்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நானேதான் வாசிச்சேன்."

"அப்ப ஏமாத்துனது யாரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையில் ஒரு கட்டு வைக்கோலைத் திணித்தார். "அழுதுக்கிட்டே பிரிச்சுப் போடுங்க. பிள்ளை பெறக்கப் போகுது, படுக்க எடம் வேணும்ல." அந்த வைக்கோலை விரித்தபோதுதான், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னை மன்னித்துவிடு என்று ஆண்டவரிடம் கேட்டேன். நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. அந்த எரிச்சல் அப்புறம் வரவே இல்லை.

மறுநாள் பாடம் வாசித்தேன். எல்லா மக்களுக்கும் மகிழ்ச்சி என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. எல்லா மக்களிலும் சின்னையாவும் உண்டே! உபதேசியார் பின்னால் நின்று, "சும்மா நிக்காதீக, ஓட்டுங்க" என்றார், ஏரில் நின்ற மாட்டிடம் சொல்வது போல.

அன்றைக்குக் காலையிலேயே அதிரசமும் மனகோலமும் கேக்கும் வைத்த தட்டோடு தம்பி வீட்டுக்குப் போனேன். உபதேசியார் சைக்கிளோடு தெருமுக்கில் நின்றுகொண்டார். "அங்குட்டு நீங்க மட்டும் போங்க. ஓடி வந்தா புடிக்க நான் இருக்கேன்."

தம்பி கதவைத் திறந்தான். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உம் முறை நாள்ல நான் ஒருநாளும் மோட்டார் போடலண்ணே" என்றான்.

பன்னிரண்டு வருடம் என் முறைத் தண்ணீர் கிணற்றிலேயே காத்திருந்திருக்கிறது. தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்று அவன் மனைவி அதில் நிறையக் கத்தரிக்காய் வைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து ஒன்றை உபதேசியார் எடுத்துக்கொண்டு, "எனக்குக் கூலி" என்று மணியடித்தபடி போய்விட்டார்.

அடுத்த ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றேன். மாத்திரைகளை டாக்டரே நிறுத்திவிட்டார். உபதேசியாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் என்னை எழுதப் பழக்கிய ஒரு கட்டைப் பென்சிலும், "நீங்களே வாசிங்க" என்ற ஒரு சொல்லும்தான். யார் மேலாவது கோபம் வந்தால், அடுத்த வரியையும் வாசித்தாயா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்று தம்பி, "எனக்கும் சொல்லிக்குடுண்ணே" என்றான். அவனும் கைநாட்டுதான். அந்தக் கட்டைப் பென்சிலை அவன் கையில் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் உபதேசியார் வீட்டம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். அதில் இரண்டு கையெழுத்து இருக்கும்.