ரச வாளியோடு விழுந்த மைத்துனன்

இளைய மகளின் கல்யாண வீடியோவை மயிலாப்பூர் வீட்டில் எல்லோரும் பார்த்தோம். வி.சி.ஆர். கையேட்டை முழுதாகப் படித்தவன் நான் ஒருவனே என்பதால் ரிமோட் என்னிடம் இருந்தது. பந்தியில் என் மைத்துனன் வேணு ரச வாளியோடு வழுக்கி விழுந்தான்.

"மாமா, இன்னொரு தரம் போடுங்கோ!" என்று ஒரே சிரிப்பு. வேணுவும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த முறை மெதுவாக ஓட்டினேன். விழும்போதே வேணு கொதிக்கும் வாளியைத் தன் மார்புப் பக்கம் திருப்பியிருந்தான். எதிர் இலையில் என் குட்டிப் பேத்தி உட்கார்ந்திருந்தாள். படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வேணுவைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன்டா சொல்லலை?"

"எல்லாரும் சிரிச்சேள், அத்திம்பேர். கல்யாணத்தன்னிக்கு அழறதுக்கு இது தேவலைன்னு விட்டுட்டேன்."

விழுகிற மனிதனுக்கு அதற்குள் அவ்வளவு தோன்றுமா என்று இன்னும் வியக்கிறேன். இப்போதெல்லாம் திரையில் யாராவது விழுந்தால், முதலில் அவர் கைகளைத்தான் பார்க்கிறேன்.