ஊசிக்கு முன்பே சொன்ன சொல்

நாரின் என்னும் ஆற்றின் கரையில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற எவரும், கண் மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்கும் முகம் மயக்க மருந்து நர்ஸ் கலிபாவினுடையது. வட்ட முகம், குளிரில் சிவந்த கன்னம். கையில் ஒரு தட்டு. அதில் சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாகப் படுத்திருக்கும்.

பயந்தவர்களுக்கு அவள் ஒரு கல்யாணக் கதை சொல்வாள். தூக்க மருந்துதான் மாப்பிள்ளையாம். மாப்பிள்ளை தனியாகக் குதிரையில் வருவானா, தோழர்களோடுதானே வருவான்? எச்சில் வற்ற ஒருவன், குமட்டல் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவன், தசையைத் தளர்த்த ஒருவன், வலியைப் பிடித்து நிறுத்த ஒருவன். எல்லாருக்கும் முன்னால் வந்து வாசலில் பாட்டுப் பாடுகிறவன் மிடாசோலம் என்கிற அமைதி ஊசி. "இவன் வந்துட்டான்னா பயம் பின்வாசல் வழியா ஓடிடும்" என்பாள்.

பயம் மட்டுமா ஓடும்? வாய்ப் பூட்டும் கழன்றுவிடும். பேசியது எதுவும் பிறகு நினைவிலும் இருக்காது. மாட்டு வைத்தியர் பக்கத்து வீட்டுக் கிடாயைத் தன்னுடையது என்று விற்ற கதையைச் சொன்னார். பள்ளித் தலைமையாசிரியை தன் மாமியாரைப் பற்றிச் சொந்தமாகக் கட்டிய பாட்டொன்றைப் பாடினாள். இதெல்லாம் இதைத்தான் உளறியிருப்போம் என்று அவர்களே பின்னால் ஊகித்து ஊரில் சொல்லிச் சிரித்தவை, கலிபா சொன்னதல்ல. கதவுக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் எவ்வளவு துருவினாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "நல்லாத் தூங்கினாரு."

இளம் வயதில் கணவனைப் பனிச்சரிவுக்குக் கொடுத்தவள் அவள். ஒரே மகளை ஓஷ் நகரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, தேநீருக்கு ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்துப் பழகிவிட்டவள். அந்த நெஞ்சுக்குள் இன்னொரு வசந்தம் வரும் என்று யார் நினைத்தார்கள்?

போன இலையுதிர் காலத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் சதிர்பெக்குக்குக் குடலிறக்க ஆபரேஷன். மனைவியை இழந்தவர், தங்கை ஜிபெக்கோடு வாழ்கிறவர், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். கலிபா அமைதி ஊசியைப் போட்டாள். அந்த மௌனச்சாமி அவளுடைய சட்டைக் கையைப் பற்றிக்கொண்டார்.

"கலிபா, பிஷ்கேக் நகரத்துல நல்ல வேலை வந்துச்சு. நான் போகல. நீங்க இங்க இருக்கீங்கல்ல, அதான். என் வீட்டுக்கு வந்துடறீங்களா?"

அவள் உதடு பிரிவதற்குள் டாக்டர் எமில் தூக்க மருந்தைச் செலுத்திவிட்டார். கண் விழித்த சதிர்பெக்குக்கு ஒன்றும் நினைவில்லை. ஏதாவது உளறினேனா என்று கூச்சத்தோடு கேட்டார். நல்லாத் தூங்கினீங்க என்றாள் கலிபா. துணி அறைக்குள் போய்ச் சலவை விரிப்பில் முகம் புதைத்து அழுதாள். (இதை எழுதச் சதிர்பெக் இப்போது தாமே சம்மதம் கொடுத்துவிட்டார்.)

குளிர்காலம் முழுக்க அந்தக் கேள்வி அவளுக்குள் கனன்றது. அவருக்கே தெரியாத அவருடைய ரகசியம். நோயாளி சொன்னதை நோயாளியிடம்கூடத் திருப்பிச் சொல்ல அவள் மனம் ஒப்பவில்லை. தெளிந்த மனிதர் அதையே சொல்வாரா, மருந்துதான் பேசியதா என்றும் தெரியவில்லை.

பனி உருகும்போது அவளுக்கே பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஊர் ரகசியத்தையெல்லாம் விழுங்கி விழுங்கித்தான் கல்லாகிவிட்டது என்று எமில் கேலி செய்தார். அமைதி ஊசி மட்டும் வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். இப்படிப் பயப்படுகிறவளுக்கு அது இல்லாமல் முடியாது என்று அவர் மறுத்துவிட்டார்.

கலிபாவின் பயம் வேறு. ஆள் குறைவான எங்கள் ஆஸ்பத்திரியில் தள்ளு கட்டிலையும் தள்ளிக்கொண்டு வரப்போவது சதிர்பெக். அத்தனை பேர் முன்னிலையில் தன் வாய் எதைக் கொட்டுமோ. கொட்டியது தனக்கே நினைவில்லாமல் போய்விட்டால்? வேண்டாம், மருந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன் என்று முடிவெடுத்தாள்.

ஆபரேஷன் நாள் காலையில், வெறும் வயிற்றோடு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றாள். சதிர்பெக் கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். பின்னால் ஜிபெக்.

"இன்னைக்கு எனக்கு ஊசி போடுவாங்க. அதுக்கப்புறம் நான் பேசறது என் பேச்சா இருக்காது. அதனால இப்பவே சொல்லிடறேன். நீங்க கூப்பிட்டா நான் இந்த வீட்டுக்கு வருவேன். கூப்பிடலைன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்."

சதிர்பெக்கின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பதிலுக்கு நிற்காமல் கலிபா திரும்பினாள்.

எங்கள் ஊரில் வாசல் வரை வந்தவரை ரொட்டியில் வாய் வைக்காமல் அனுப்புவதில்லை. ஜிபெக் ஓடிப்போய் ரொட்டியை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"ஒரு வாய் தொட்டுட்டுப் போங்க அண்ணி."

அண்ணி என்ற அந்தச் சொல் கலிபாவின் உயிரைத் தொட்டது. இந்த ரொட்டியை மறுத்தால் இந்த வீட்டையே மறுத்ததாகாதா? பிய்த்தாள், மென்றாள், விழுங்கினாள். விழுங்கிய பிறகுதான் உறைத்தது. ஆபரேஷன் காலையில் ஒரு விள்ளல் ரொட்டி தின்றதற்காக எத்தனை பேரைத் திட்டித் திருப்பி அனுப்பியவள் அவள். நெஞ்சில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

அப்போதுதான் சதிர்பெக்குக்கு வாய் திறந்தது.

"போச்சு. இன்னைக்கு உங்களை மேசையில ஏத்த மாட்டாங்க. உள்ள வாங்க, கலிபா. நான் எத்தனையோ வருஷமா மனசுக்குள்ள கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வெளியே சத்தமா வரல, அவ்வளவுதான்."

"ஒரு தடவை வந்துச்சு" என்று தொடங்கிய கலிபா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எப்போது, எப்போது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நோயாளி பேசியதை வெளியே சொல்வதில்லை என்றாள். அவருக்குப் புரிந்து காது நுனி வரை சிவந்தது. ஜிபெக் அடுப்படியில் சிரித்துச் சிரித்து விக்கினாள்.

எமிலைத் தொலைபேசியில் அழைத்து, ரொட்டி சாப்பிட்டுவிட்டேன் என்றாள் கலிபா. திட்டத் தொடங்கியவர், யார் வீட்டில் என்று கேட்டார். இங்க பக்கத்துலதான் என்று அவள் மழுப்பவே ஊகித்துவிட்டார். ஆபரேஷன் அறை முழுக்கச் சிரிக்கும் ஓசை தொலைபேசி வழியே கேட்டது. சரி, நாளைக்கு வாங்க, ஆனால் அந்த வீட்டு வழியாக மட்டும் வராதீங்க என்றார்.

அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் தேநீர் கொதித்தது. பாலாடையும் ஜாமும் மேசை கொள்ளாமல் நிறைந்தன. சாயங்காலத்துக்குள் செய்தி கடைவீதியைத் தாண்டி ஆற்றின் அக்கரைக்கே போய்விட்டது.

மறுநாள் காலை அவளை ஆம்புலன்ஸில் அழைத்துப் போனார் சதிர்பெக். ஆபத்து எதுவும் இல்லை, அவசரமும் இல்லை. ஆனாலும் கடைவீதி வந்ததும் சைரனை முழுச் சத்தத்தில் அலற விட்டார். ஜனங்கள் பதறி ஒதுங்கி, உள்ளே யாரென்று பார்த்து, கை தட்டினார்கள். நிறுத்துங்க, மானம் போகுது என்று அவர் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள் கலிபா. அவர் நிறுத்தவில்லை.