சிகப்பாயியின் மேல்காது

சிகப்பாயி மேல்காதில் கொப்பு என்ற நகை போடாதது மாமியார் பிச்சையம்மாளுக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. 1956-இல் இலுப்பூரிலிருந்து தட்டானை வரவழைத்து, மருமகள் வேண்டாமென்று கத்தக் கத்த, அவளுடைய வலது காதின் குருத்தெலும்பில் ஓட்டை போட்டுக் கம்பி மாட்ட வைத்தாள்.

காது சிவந்து வீங்கியது. தொட்டால் உயிர் போனது. பிச்சையம்மாள் மஞ்சளை அப்பினாள். காய்ச்சல் கண்டபோதும், "ஊசிக் குத்துக்கு ஆஸ்பத்திரியா? ஒங்க வீட்டு வளப்பு அப்புடி," என்று ஏசினாள். புருஷன் ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

சிகப்பாயி தனியாகவே பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனாள். டாக்டர் கம்பியைக் கழற்றி, காதைக் கீறிச் சீழை எடுத்து, பென்சிலின் ஊசி போட்டார்.

"கீழ்க்காது சதை, சீக்கிரம் ஆறிடும். மேல்காதுக்கு ரத்த ஓட்டம் கம்மி. அழுகுனது இனி வளராதும்மா. வீங்குனதுமே வந்திருக்கணும்," என்றார்.

காய்ச்சல் விட்டது. ஆனால் காதின் மேல்பாதி சுருங்கிப்போனது. வீடு திரும்பியவளைப் பார்த்ததும் பிச்சையம்மாள், "எடது காதுலயாவது குத்திருவோம். தட்டானுக்குச் சொல்லிவிட்டிருக்கேன்," என்றாள்.

"வரட்டும் அயித்தை. எங் காதுக்கிட்ட வார கைய ஒடிச்சுப்புடுவேன். அது ஒங்க கையா இருந்தாலுஞ் சரி."

அன்றே சிகப்பாயி தனி அடுப்பு மூட்டினாள். பிச்சையம்மாள் சாகும்வரை இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை.